ஆவணப் புகைப்படமும் அரசியலும்: பிரிக்க முடிவதும் முடியாததும்

ஆவணப் புகைப்படக்கலையை அரசியலிலிருந்து பிரிக்க முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. எதிரே இருப்பதைப் பதிவுசெய்வதோடு கேமராவின் வேலை முடிந்தது, கட்சி கட்டுவது அதன் வேலையல்ல என்பது ஒன்று. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தபோதே அரசியல் உள்ளே வந்துவிட்டது என்பது மற்றொன்று. முதல் தரப்பு அரசியல் எனக் குறிப்பது கட்சிச் சார்பையும் பிரசாரத்தையும். இரண்டாம் தரப்பு குறிப்பது அதிகார உறவுகளை. அதனால்தான் இரு தரப்பும் ஒன்றையொன்று எளிதில் மறுத்துவிட முடிகிறது.

வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு படத்துக்குள் அரசியல் நுழையும் இடங்கள் நான்கு. பணம் கொடுப்பவர் யார். பார்க்க அனுமதிப்பவர் யார். படக்குறிப்பு எழுதி வெளியிடுபவர் யார். படமெடுக்கப்படுபவருக்கு மறுக்கும் உரிமை உண்டா. இவற்றில் சில புகைப்படக்காரரின் கையில் இருக்கின்றன, சில இல்லை. கேள்விக்கான விடையும் அதற்கேற்பவே மாறுகிறது.

ஆட்சியாளரும் சீர்திருத்தக்காரரும்

1855இல் ரோஜர் ஃபென்டனைக் கிரிமியப் போர்க்களத்துக்கு அனுப்பியவர் மான்செஸ்டர் பதிப்பாளர் தாமஸ் ஆக்னியூ. பிரிட்டிஷ் அரண்மனையின் ஆதரவும் ஃபென்டனுக்கு இருந்தது. அவர் கொண்டுவந்த முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் போரில் மாண்டவரின் உடல் ஒன்றுகூட இல்லை. பீரங்கிக் குண்டுகள் சிதறிய பள்ளத்தாக்கை அவர் இருமுறை எடுத்திருக்கிறார். ஒன்றில் பாதை வெறுமையாகக் கிடக்கிறது. மற்றதில் பாதைமீதும் குண்டுகள் கிடக்கின்றன. குண்டுகள் பிற்பாடு பாதைக்கு நகர்த்தப்பட்டவை என்பதே பின்னாளைய ஆய்வின் முடிவு. லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் 1857 நவம்பரில் நடந்த சண்டையின் தடயத்தை ஃபெலிச்சே பியாட்டோ 1858இல் படமெடுத்தார். முற்றத்தில் இந்தியச் சிப்பாய்களின் எலும்புகள் பரவிக் கிடக்கின்றன; அவை படத்துக்காகவே பரப்பப்பட்டவை என்று கருதப்படுகிறது. தன் பக்கத்துப் பிணத்தை மறைத்த ஏகாதிபத்தியக் கேமரா எதிரியின் எலும்பைத் தாராளமாகக் காட்டியது.

1876–78இல் தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைப் படமெடுத்த வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் குதிரைப்படை அதிகாரி. எலும்பும் தோலுமான பெரியவர்களும் பிள்ளைகளும் குழுவாக உட்காரவைக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் கேமராவைப் பார்க்கிறார்கள். இனவாரியாகவும் சாதிவாரியாகவும் மக்களை நிறுத்தி எடுத்த ‘இந்தியாவின் மக்கள்’ என்ற எட்டுத் தொகுதி அரசு வெளியீட்டுக்கும் இதே ஹூப்பர் படங்கள் தந்திருந்தார். பஞ்சப் படங்களிலும் அந்த வகைப்படுத்தும் பார்வைதான் தொடர்கிறது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலிக் கொள்கை இப்படங்களில் எங்கும் தெரியாது. பட்டினி கண்ணுக்குத் தெரிகிறது, அதன் காரணம் தெரிவதில்லை. அதிகாரி ஒருவர் எடுத்த இந்தப் படங்கள் இன்று காலனிய ஆட்சியின்மீதான குற்றப்பத்திரிகையாக அச்சாகின்றன. எடுத்தவரின் நோக்கம் படத்தின் பிற்கால அரசியலைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இது முற்பட்ட சான்று.

சீர்திருத்தக்காரர்களின் கேமரா வேறு திசையில் திரும்பியது. நியூயார்க் நகரின் போலீஸ் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ், பொடியைக் கொளுத்திப் பெற்ற பிளாஷ் வெளிச்சத்தில் நெரிசல் குடியிருப்புகளின் இருட்டறைகளைப் படமெடுத்து 1890இல் நூலாக வெளியிட்டார். தூக்கம் கலைந்து திகைத்த முகங்கள் பல படங்களில் இருக்கின்றன. அனுமதி கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஏழைகளுக்காகப் பரிந்து பேசிய அதே நூலில் குடியேறிகளைப் பற்றிய இழிவான பொதுமைப்பாடுகளும் நிறைய உண்டு.

லூயிஸ் ஹைனின் முறை வேறு. 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக வேலை செய்த அவர், பைபிள் விற்பவர் என்றும் காப்பீட்டு முகவர் என்றும் சொல்லிக்கொண்டு ஆலைகளுக்குள் நுழைந்தார். தன் கோட்டுப் பொத்தான்களின் உயரத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். எந்தப் பொத்தான்வரை பிள்ளை எட்டுகிறது என்று பார்த்தே உயரத்தைக் கணித்துவிடுவார். வயதையும் வேலை நேரத்தையும் சட்டைப் பைக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொள்வார். ஒரு விவரம் பொய்த்தாலும் ஆலை முதலாளிகள் மொத்த இயக்கத்தையும் பொய்யென்று தள்ளிவிடுவார்கள் என்பதால் படத்தில் திருத்தம் செய்வதையோ ஜோடிப்பதையோ அவர் அனுமதிக்கவில்லை. குழந்தைத் தொழிலுக்கு எதிரான முதல் கூட்டாட்சிச் சட்டம் 1916இல் வந்து, 1918இல் உச்ச நீதிமன்றத்தால் ரத்தானது. நிலைத்த சட்டம் 1938இல்தான் வந்தது. ஹைன் ஒரு தரப்பின் ஊழியர் என்பதில் ஐயமில்லை. அவருடைய சார்பு துல்லியத்தைக் கெடுக்கவில்லை, கூட்டியது.

காங்கோவில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ரப்பர் கொள்ளையை அம்பலப்படுத்திய படங்களும் இவ்வகையே. ஆங்கிலேய மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ் 1904இல் எடுத்த படத்தில், ஒரு தந்தை திண்ணையில் அமர்ந்து, வெட்டப்பட்ட தன் சிறு மகளின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாய விளக்குக் காட்சிகளாக பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் காட்டப்பட்ட இப்படங்கள் கண்டன இயக்கத்துக்கு வலு சேர்த்தன. 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. காலனி ஆட்சி முடிவுக்கு வரவில்லை. அந்தக் கோரிக்கை படங்களைக் காட்டியவர்களிடமும் இல்லை.

அரசு ஊதியத்தில் எடுத்த படங்கள்

பிரிக்க முடியுமா என்ற கேள்வியை மிக விரிவாகச் சோதித்துப் பார்த்தது 1930களின் அமெரிக்கா. 1935இல் மீள்குடியேற்ற நிர்வாகமாகத் தொடங்கி 1937இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமான அரசுத் துறையில், ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் புகைப்படப் பிரிவு இயங்கியது. டோரதியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ரோத்ஸ்டீன், பென் ஷான், ரஸ்ஸல் லீ, மரியன் போஸ்ட் வோல்காட், கார்டன் பார்க்ஸ் முதலியோர் அதில் பணிபுரிந்தனர். போர்க்காலத் தகவல் அலுவலகத்தின் படங்களையும் சேர்த்து சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

அதிபர் ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டத்துக்கு மக்கள் ஆதரவைத் திரட்டுவது இப்பிரிவின் நோக்கங்களுள் ஒன்று. எதை எடுக்க வேண்டும் என்று ஸ்ட்ரைக்கர் பட்டியல் எழுதி அனுப்புவார். பிடிக்காத நெகட்டிவ்களில் துளை போட்டுவிடுவார். வாக்கர் எவன்ஸோ 1935இல் எழுதிய குறிப்பொன்றில், படத்தின் மதிப்பு அது பதிவாக இருப்பதில்தான் இருக்கிறது, எவ்வித அரசியலும் கூடாது என்று நிபந்தனை விதித்தார். சம்பளம் தருவது அரசு, படமெடுப்பது தன் விருப்பப்படி என்ற ஏற்பாடு 1937 வரைதான் நீடித்தது. அந்த ஆண்டு அவர் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அலபாமாவின் குத்தகை விவசாயிக் குடும்பங்களை 1936இல் அவர் எடுத்த படங்களில் முறையீடு கிடையாது, பரிதாபம் கேட்கும் பாவனையும் கிடையாது. பிரசாரத்திலிருந்து விலகி நிற்க முடியும் என்பதற்கு அவை நல்ல சான்று. அந்தக் குடும்பங்களைத் தேடிப் போகும் வாய்ப்பு, ‘ஃபார்ச்சூன்’ இதழின் பணிக்காக அரசுத் துறை அவரை இரவலாக விட்டதால் கிடைத்தது என்பதும் உண்மை.

1936இல் தெற்கு டகோட்டாவின் வறண்ட நிலத்தில் ரோத்ஸ்டீன் ஒரு மாட்டு மண்டையோட்டைப் படமெடுத்தார். வெளிச்சத்தையும் பின்னணியையும் பார்த்து அதைச் சுமார் 10 அடி நகர்த்தியும் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளைப் பார்வையிட ரயிலில் வந்த சமயம், படம் ஜோடிக்கப்பட்டது என்று வடக்கு டகோட்டாவின் நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட, எதிர்க்கட்சியினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வறட்சி மெய்தான், ஆனால் நகர்த்திய மண்டையோடு வறட்சியையே மறுப்பதற்கு எதிர்த் தரப்பின் கையில் ஆயுதமாகிவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் லாங்கே எடுத்த ‘இடம்பெயர்ந்த தாய்’ இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. நாளிதழில் செய்தி வந்ததும் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பப்பட்டது. படத்தில் இருந்த குடும்பம் அதற்குள் அங்கிருந்து போய்விட்டது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அவர் செரோக்கி இனத்தவர் என்பது படக்குறிப்பில் இல்லை. வெள்ளை விவசாயியின் துயரச் சின்னமாகவே படம் நாடெங்கும் அறியப்பட்டது. நாற்பதாண்டுக்குப் பின் அடையாளம் வெளிப்பட்டபோது, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் கசப்போடு சொன்னார். படத்தில் எதுவும் பொய்யில்லை. யாருடைய கதையாக அது சொல்லப்பட்டது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

கார்டன் பார்க்ஸ் 1942இல் வாஷிங்டன் அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்த கறுப்பினப் பெண்ணைத் துடைப்பத்துடன் தேசியக் கொடியின் முன் நிறுத்தி எடுத்தார். இந்தப் படத்தால் எல்லோருக்கும் வேலை போகும் என்று ஸ்ட்ரைக்கர் அஞ்சினார். வறுமையைக் காட்டச் சொன்ன அரசு, தன் அலுவலகத்துக்குள் நிலவிய இனப் பாகுபாட்டைக் காட்டச் சொல்லவில்லை.

ஒரே முகாம், மூன்று கேமராக்கள்

ஒரே பொருளை மூவர் மூன்று நிலைகளில் இருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதை, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைக்கப்பட்ட மன்சனார் முகாம் காட்டுகிறது. 1942 பிப்ரவரியில் பிறப்பித்த ஆணையின் விளைவாக மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். இந்த இடமாற்றத்தைப் பதிவுசெய்ய அரசே லாங்கேயை அமர்த்தியது. முள்வேலி, கண்காணிப்புக் கோபுரம், ஆயுதம் தாங்கிய காவலர் ஆகியவற்றை எடுக்க அவருக்குத் தடை. அப்படியும் அவருடைய படங்களில் ஆணையின் அநியாயம் தெரிந்தது. ராணுவம் அவற்றை முடக்கிவைத்தது, போர் முடியும்வரை வெளியிடவில்லை.

இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன ஆன்சல் ஆடம்ஸ், முகாம் இயக்குநரின் அழைப்பின்பேரில் 1943இல் மன்சனார் சென்றார். சிரித்த முகங்கள், பள்ளி, வயல், பின்னால் பனிமலை என்று அவருடைய படங்கள் அமைந்தன. இவர்களும் விசுவாசமுள்ள அமெரிக்கர்களே என்று வாதிட்டு 1944இல் அவர் வெளியிட்ட நூல் அன்றைய சூழலில் துணிச்சலானது; ஆயினும் முகாமை வாழத்தக்க இடமாகக் காட்டியது என்ற விமர்சனம் அதன்மீது உண்டு.

மூன்றாமவர் டோயோ மியாடகே, லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், முகாமில் அடைபட்டவர். கேமரா வைத்திருக்க அங்கிருந்தவர்களுக்கு அனுமதி இல்லை. லென்ஸ் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்து, முகாமிலிருந்த தச்சரைக்கொண்டு மரப்பெட்டிக் கேமரா செய்வித்து ரகசியமாகப் படமெடுத்தார். பின்னர் அவரே முகாமின் புகைப்படக்காரராக ஏற்கப்பட்டபோது ஒரு விதி போடப்பட்டது: கேமராவை நிறுத்திவைத்து ஃபோகஸ் செய்வது அவர், ஷட்டரை அழுத்துவது வெள்ளையர் ஒருவர். கொஞ்ச காலத்தில் அந்த விதி தளர்ந்தது. பார்க்கும் உரிமை எப்படி ஒரு விரல் அசைவுவரை பங்கிடப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது. முள்வேலிக்குப் பின்னால் நிற்கும் மூன்று சிறுவர்களின் படம் மியாடகே எடுத்ததே.

கட்சியின் கேமரா

வெளிப்படையாகவே அரசியல் பணியாகச் செய்யப்பட்ட ஆவணப் புகைப்படம் தனி மரபு. அதற்குள்ளும் தர வேறுபாடு உண்டு. சோவியத் ஒன்றியத்தில் கைதிகளின் உழைப்பால் 1931–33இல் வெட்டப்பட்ட 227 கி.மீ. நீளமுள்ள வெண்கடல்–பால்டிக் கால்வாயை அலெக்சாண்டர் ரோட்சென்கோ படமெடுத்தார். ‘கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்’ இதழின் 1933 டிசம்பர் வெளியீடு அப்படங்களால் நிறைந்தது. உழைப்பால் கைதிகள் திருந்துவதாக அது சொன்னது. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டதைச் சொல்லவில்லை. அமெரிக்காவிலோ தொழிலாளர் குடியிருப்புகளைப் படமெடுத்த நியூயார்க் ஃபோட்டோ லீக் அமைப்பு 1947இல் அரசின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு 1951இல் மூடப்பட்டது. எந்த ஆட்சிமுறையானாலும் படத்தை அரசியலற்றதாக அரசுகள் கருதியதில்லை என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

1943 வங்காளப் பஞ்சத்தின் படங்கள் இரு வழிகளில் வெளிவந்தன. ஒன்று, ஆங்கிலேயருக்குச் சொந்தமான ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ். போர்க்காலத் தணிக்கை நிலவியபோதும் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் கல்கத்தாத் தெருக்களின் படங்களை ஆகஸ்ட் 22 அன்று வெளியிட்டார். பஞ்சத்தை மூடிமறைப்பது அதன்பின் அரசுக்கு எளிதாக இல்லை. மற்றது, கம்யூனிஸ்ட் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ இதழ். கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷியின் தூண்டுதலால் படிப்பை விட்டு வந்த சுனில் ஜனா, ஓவியர் சித்தபிரசாத்துடன் பஞ்சப் பகுதிகளில் சுற்றி எடுத்த படங்கள் அதில் வந்தன. பிரிட்டிஷ் அரசின் போர் முயற்சியைக் கட்சி ஆதரித்துவந்த நேரம் அது. ஆயினும் ஜனாவின் படங்கள் கட்சியின் அன்றைய நிலைப்பாட்டைத் தாண்டி, சுமார் 30 லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சத்தின் முதன்மைச் சான்றுகளாக நிற்கின்றன. ரோட்சென்கோவும் ஜனாவும் நம்பிக்கையோடு கட்சிக்காகவே எடுத்தார்கள். ஒருவரின் படத்தில் சாவு மறைக்கப்பட்டது, மற்றவரின் படத்தில் வெளிப்பட்டது. ஆவணத்தின் தரத்தை அளக்க இந்த வேறுபாடு போதும்.

பிரிக்க முயன்றவர்கள்

1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் அமைத்த ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சி, 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் திரட்டிப் பிறப்பு, உழைப்பு, காதல், இறப்பு என அடுக்கியது. மனிதர் யாவரும் ஒன்று என்பதே செய்தி. அமெரிக்கத் தகவல் துறை அதைப் பனிப்போர்க் காலத்தில் உலகெங்கும் கொண்டுபோனது. எல்லோரும் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள் என்று சொல்வதன் மூலம், யார் எந்த நிலைமையில் பிறக்கிறார், எதனால் இறக்கிறார் என்ற வரலாறு துடைக்கப்படுகிறது என்று ரோலான் பார்த் விமர்சித்தார்.

அதே அருங்காட்சியகத்தில் ஜான் ஸர்கோவ்ஸ்கி 1967இல் நடத்திய ‘புதிய ஆவணங்கள்’ கண்காட்சி டயேன் ஆர்பஸ், லீ ஃப்ரீட்லாண்டர், கேரி வினோகிராண்ட் ஆகிய மூவரை முன்னிறுத்தியது. வாழ்வைச் சீர்திருத்துவது அல்ல, அறிந்துகொள்வதே இவர்களின் நோக்கம் என்பது அவர் வாதம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் வந்த இந்த விலகலும் ஒரு நிலைப்பாடுதான் என்றனர் பின்வந்த விமர்சகர்கள்.

பிரிக்க முடியும் என்ற வாதத்தின் வலுவான முகம் தென்னாப்பிரிக்காவின் டேவிட் கோல்ட்பிளாட். இனவொதுக்கலை அவர் வெறுத்தார். இருந்தும் 1980களில் கேமராவைப் போராட்டத்தின் ஆயுதமாக்கச் சொன்ன சக கலைஞர்களின் அழைப்பை ஏற்கவில்லை. கலவரத்தையும் ஊர்வலத்தையும் விட்டு, போக்ஸ்பர்க் நகர வெள்ளையரின் அன்றாடத்தையும், குவாண்டெபெலேயிலிருந்து அதிகாலை 3 மணிக்கு முன்பே பஸ் ஏறி வேலைக்குப் போகும் கறுப்பினத் தொழிலாளர்கள் இருக்கையிலேயே உறங்குவதையும் எடுத்தார். முழக்கம் இல்லாத இப்படங்களில் இனவொதுக்கல் எப்படி இயங்கியது என்பது துல்லியமாகத் தெரிகிறது.

அவருடைய நாட்டவரான எர்னஸ்ட் கோலுக்கு இந்தத் தேர்வே கிடைக்கவில்லை. கறுப்பினத்தவரான அவர் நடமாட்டத் தடைகளைச் சமாளிக்கத் தன்னைக் ‘கலப்பினத்தவர்’ என்று மறுவகைப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1966இல் நாட்டைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு நியூயார்க்கில் வெளியான அவரது ‘அடிமைத்தனத்தின் இல்லம்’ தென்னாப்பிரிக்காவில் தடைசெய்யப்பட்டது; 1990இல் அவர் இறந்ததும் நாடுகடந்த நிலையில்தான். அரசியலிலிருந்து விலகி நிற்கும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதை இவ்விருவரையும் அருகருகே வைத்தால் உணரலாம்.

விமர்சகர்களின் வாதம்

1970களில் ஆவணப் புகைப்படத்தின்மீதே கேள்வி எழுந்தது. துயரப் படங்கள் மிகுந்தால் உணர்ச்சி மரத்துப்போகும் என்று 1977இல் எழுதிய சூசன் சான்டாக், 2003இல் வந்த நூலில் அந்த முடிவைத் தானே மறுபரிசீலனை செய்தார். மார்த்தா ராஸ்லர் 1974–75இல் நியூயார்க்கின் பவரி தெருவைப் படமெடுத்தபோது அங்கே கிடந்த குடிநோயாளிகளை ஒருவரைக்கூடக் காட்டவில்லை. வெறும் கடைவாசல்களின் படங்களுக்கு அருகே குடிபோதையைக் குறிக்கும் சொற்களை மட்டும் அடுக்கினார். வறியவரின் படத்தை வசதியுள்ளவருக்குக் காட்டும் தாராளவாத ஆவண மரபு, காரணத்தை விட்டு விளைவை மட்டும் காட்டுகிறது என்பது அவரும் ஆலன் செகுலாவும் முன்வைத்த குற்றச்சாட்டு. அரியெல்லா அசூலாய் 2008இல் வேறொரு கோணத்தைத் திறந்தார். எடுப்பவர், எடுக்கப்படுபவர், பார்ப்பவர் மூவருக்கும் இடையிலான குடிமை உறவாகவே படத்தைக் காண வேண்டும், பார்ப்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவர் கருத்து.

படம் கைமாறிய பிறகு

1968 பிப்ரவரி 1 அன்று சைகோன் தெருவில் தென் வியட்நாம் போலீஸ் தலைவர், கைதி ஒருவரைச் சுட்டுக்கொல்லும் கணத்தை எட்டி ஆடம்ஸ் எடுத்தார். ஆடம்ஸ் போரை எதிர்த்தவர் அல்லர். அவருடைய படமோ போர் எதிர்ப்பின் சின்னமாயிற்று. அந்த அதிகாரியின் வாழ்க்கையைத் தன் கேமரா அழித்துவிட்டது என்று பிற்காலத்தில் அவர் வருந்தினார்.

1979 ஜூலை 16 அன்று நிகராகுவாவின் எஸ்தெலியில் சூசன் மைசலாஸ் எடுத்த, பெட்ரோல் குண்டு வீசும் போராளியின் படம் இன்னும் விநோதமான பயணம் போனது. புரட்சியின் ஆண்டுவிழாத் தீப்பெட்டியில் அச்சானது, சுவரோவியமானது, புரட்சிக்கு எதிரான தரப்பின் வெளியீட்டிலும் இடம்பெற்றது. படக்குறிப்பும் சூழலும் மாறினால் ஒரே படம் இரு பக்கமும் பேசும். 2016இல் வியட்நாம் போரின் நேபாம் வீச்சில் ஆடையின்றி ஓடிவரும் சிறுமியின் படத்தை ஃபேஸ்புக் முதலில் நீக்கி, நார்வேயில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் மீட்டது. அரசுத் தணிக்கை அதிகாரியின் இடத்தில் இப்போது நிறுவனங்களின் விதிகளும் வந்திருக்கின்றன.

நான்காவது இடமான சம்மதத்தை மினமாட்டா சோதித்தது. ஜப்பானில் பாதரசக் கழிவால் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை யூஜின் ஸ்மித் 1971இல் எடுத்தார். மறு ஆண்டு ‘லைஃப்’ இதழில் வந்தது. நியாயம் கேட்ட இயக்கத்துக்கு அது பெரும் பலமானது. மகள் இறந்து பல்லாண்டு கழித்து, அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பியதால் 1998இல் பதிப்புரிமையாளரான ஐலீன் ஸ்மித் அந்தப் படத்தைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கினார். படத்தின் அரசியல் பயன் எவ்வளவு பெரிதாயினும் அதில் இருப்பவரின் உரிமையை அது தீர்த்துவிடாது என்ற கருத்துக்கு இம்முடிவு வலுவான முன்மாதிரி.

தெற்காசியாவின் இன்றைய நிலை

வங்கதேசத்தில் ஷஹிதுல் ஆலம் 2010இல் அமைத்த ‘கிராஸ்ஃபயர்’ கண்காட்சியைத் தொடங்கவிடாமல் போலீஸ் கேலரியைப் பூட்டியது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய அந்தக் கண்காட்சியில் பிணமோ ரத்தமோ இல்லை. கொலைகளோடு தொடர்புடைய இடங்களும் பொருள்களும் மட்டுமே இருந்தன. காட்டப்பட்டதைவிடச் சுட்டப்பட்டதற்கே அரசு அஞ்சியது. 2018இல் ஆலம் கைதாகி நூறு நாளுக்கும் மேல் சிறையில் இருந்தார்.

2021 ஏப்ரலில் டெல்லி மயானத்தில் வரிசையாக எரியும் சிதைகளை டேனிஷ் சித்திகி மேலிருந்து எடுத்த படம் உலகெங்கும் வந்தது. ஈமச் சடங்கின் அந்தரங்கம் மீறப்பட்டது என்று ஒரு சாரார் சாடினர். அரசின் சாவுக் கணக்கு ஐயத்துக்குரியதாக இருந்த வேளையில் அதுவே சான்று என்றனர் மறு சாரார். அந்த ஜூலையில் ஆப்கானிஸ்தானில் சித்திகி கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர் வாழ்வையும் படமெடுத்துவரும் எம். பழனி குமார், உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். சாவு நடந்த இடத்தோடு நின்றுவிடாமல் எஞ்சிய குடும்பங்களையும் பின்தொடர்வது அவர் பணி. படமெடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையே உள்ள வர்க்கத் தொலைவு குறையும்போது நான்காவது இடத்தின் அரசியலும் மாறுகிறது. முற்றிலும் அற்றுப்போவதில்லை.

முடிவுகள்

இவ்வளவையும் தொகுத்தால், கட்சிப் பிரசாரத்திலிருந்து ஆவணப் புகைப்படத்தைப் பிரிக்க முடியும் என்பது தெளிவு. எவன்ஸும் கோல்ட்பிளாட்டும் அதைச் செய்து காட்டினார்கள். பொய்யிலிருந்தும் பிரிக்க முடியும். அதற்குச் சார்பின்மை தேவையில்லை என்பதற்கு ஹைனும் ஜனாவும் சாட்சி. பணம், அனுமதி, வெளியீடு ஆகியவற்றின் அதிகாரத்திலிருந்து பிரிக்க முடியாது. அந்த அதிகாரம் புகைப்படக்காரரின் மனநிலையைப் பொறுத்ததல்ல.

எல்லாமே அரசியல் என்றால் எந்தப் படத்தையும் நம்ப வேண்டாம் என்ற முடிவு இதிலிருந்து வராது. வெண்கடல் கால்வாய்ப் படத்தையும் பருத்தி ஆலைப் பிள்ளைகளின் படத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பின்னதன் விவரங்கள் சோதனையில் தேறும், முன்னதன் விவரங்கள் தேறாது. ஆகவே ஒரு படத்தில் அரசியல் உண்டா என்று கேட்பதால் அதிகம் தெரியவராது. யார் செலவில், யார் அனுமதியோடு, என்ன குறிப்போடு, யார் சம்மதத்துடன் அது நம்மிடம் வந்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த படம்தான் ஆவணமாகப் பயன்படும். விடை மறைக்கப்பட்ட படத்தை, அது எவ்வளவு உண்மையாகத் தோன்றினாலும், சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும்.